மாரிக்காட்டைப் படமெடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

குளிர்காலக் காட்டைப் படமெடுப்பது பற்றி எங்கே தேடினாலும் கையுறை, உறைபனி, குளிரில் இறங்கிப்போகும் பற்றறி, இலை கொட்டிய கிளை என்றுதான் வரும். திருகோணமலைக்கு இதில் அநேகமாக ஒன்றும் பொருந்தாது. இங்கே மார்கழி விடியலிலும் 23, 24 பாகை செல்சியஸ் இருக்கும். பற்றறிக்கு ஒரு குறையும் வராது. நவம்பரிலும் டிசம்பரிலும் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஆடி ஆவணியில் புழுதி படிந்து நின்ற காடு ஐப்பசி மழையோடு தளிர்த்து, மார்கழி தையில்தான் ஆகப் பச்சையாகவும் ஆக அடர்த்தியாகவும் நிற்கும். ஆக, நமது மாரியில் படத்தைக் கெடுப்பது குளிர் அல்ல. ஈரம், இருட்டு, வாடைக்காற்று.

இந்த மூன்றும் ஒரே மாதிரியான கெட்ட படத்தைத் தரக்கூடியவை. ‘மங்கலாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அது கண்ணாடியில் படிந்த ஆவியாக இருக்கலாம், கை ஆட்டமாக இருக்கலாம், காற்றில் ஆடிய இலையாக இருக்கலாம், உண்மையான பனிமூட்டமாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் ஐ.எஸ்.ஓ.வை (கமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும். எனவே கெட்ட படம் ஒன்று வந்தால் முதலில் கமராவின் திரையில் அதை முழு அளவுக்குப் பெருப்பித்து, நடுவில் ஓர் இடம், ஓரத்தில் ஓர் இடம், நிலத்தோடு ஒட்டிய அடிமரம் ஒன்று என மூன்று இடங்களைப் பாருங்கள். பிறகு கீழே உள்ள அறிகுறிக்குப் போங்கள்.

படம் முழுவதும் பால் ஊற்றியது போல. வெளிச்சத்தைச் சுற்றி வளையம்

இது கண்ணாடியில் படிந்த ஆவி. ஏசி போட்ட அறையிலோ வான் வண்டியிலோ இருந்து நேரே காட்டுக்குள் இறங்குபவர்களுக்குத்தான் அநேகமாக வரும். கணக்கு எளிது: காற்று 25 பாகையில், ஈரப்பதன் 88 வீதமளவில் இருந்தால் 23 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பொருளிலும் நீர் படியும். ஏசியில் கிடந்த லென்ஸ் 20 பாகையில் இருக்கும். பையைத் திறந்த மறுகணம் முன்கண்ணாடி வெளுத்துவிடும்.

துணியால் துடைக்க வேண்டாம். லென்ஸ் குளிராக இருக்கும்வரை துடைத்த இடத்தில் மறுபடி படியும். சேற்றுத் துகள் இருந்தால் கீறலும் விழும். லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். கழற்றினால் ஈரக்காற்று உள்ளே போய் சென்சரிலும் பின்கண்ணாடியிலும் படியும். கமராவை மூடியோடு பைக்குள் வைத்து, பையின் வாயைக் கட்டி, 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். பெரிய டெலி லென்ஸ் என்றால் ஒரு மணித்தியாலமும் எடுக்கும்.

முன்கூட்டியே தவிர்ப்பது இன்னும் லேசு. இரவு படுக்குமுன் கமராவை ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, காற்றை வெளியே தள்ளி, இறுக முடிந்து, ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். வான் வண்டியில் போவதானால் இறங்குவதற்கு 20 நிமிடத்துக்கு முன்பே ஏசியை நிறுத்தி யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் தம்பலகாமச் சந்தி தாண்டியதுமே இதைச் செய்தால் குளக்கட்டில் இறங்கும்போது கமரா தயாராக இருக்கும்.

ஒரு மணித்தியாலம் கழித்தும் மங்கல் போகவில்லை, விரலால் தொட்டால் முன்கண்ணாடி காய்ந்திருக்கிறது என்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. அன்றைக்கு அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசித் தூள் குவிய வளையத்துக்குள் போய்க் கரகரக்கும்.

கடலோரத்திலும் இதே போன்ற மங்கல் வரும், ஆனால் காரணம் வேறு. வாடை அடிக்கும் நாளில் கோணேசர் மலையிலோ குச்சவெளிக் கரையிலோ பத்து நிமிடம் நின்றாலே கண்ணாடியில் உப்பு படியும். இது ஆவி போலத் தானாகப் போகாது, காய்ந்தால் இன்னும் வெளுக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுத்து, பிறகு காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். நேரே காய்ந்த துணியைப் போட்டால் உப்புப் பரல் கண்ணாடியைச் சுரண்டும்.

கூர்மை இல்லை

பெருப்பித்துப் பார்த்த மூன்று இடங்களும் இங்கேதான் உதவும்.

அடிமரமும் கல்லும் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கமரா ஆடியிருக்கிறது. அடிமரம் கூர்மையாக இருந்து இலை மட்டும் குழம்பியிருந்தால் காற்று. முன்னால் உள்ள ஒரு கொப்பு கூர்மையாகவும் மரம் மங்கலாகவும் இருந்தால் குவியம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மென்மையாக, ஆனால் இழுபடாமல் இருந்தால் துவாரத்தை மிகவும் சிறிதாக்கியிருப்பீர்கள். எஃப் எண் பெரிதானால் துவாரம் சிறிது; எஃப்/22ஐ விட்டு எஃப்/8, எஃப்/11க்கு வாருங்கள்.

கமரா ஆடுவதற்கு முதற்காரணம் இருட்டுத்தான். மேகமூட்டமான காலையில் வீரை, பாலை மரங்கள் மூடிய காட்டுக்குள் எஃப்/8, ஐ.எஸ்.ஓ 800 வைத்தால் ஷட்டர் வேகம் 1/30 செக்கன் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே வீதியில் நிற்கும்போது கண்ணுக்கு ‘நல்ல வெளிச்சம்’ என்று தெரிவதை நம்பக்கூடாது. காட்டுக்குள் பத்தடி போனதும் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், வெளிச்சத்தை அளக்கும் கமராவின் மீற்றர் பொய் சொல்லாது. கையில் பிடித்து எடுப்பதானால் 50 மி.மீ லென்ஸுக்கு 1/100ஐயாவது வையுங்கள், ஐ.எஸ்.ஓ 1600, 3200 ஆனாலும் பரவாயில்லை. மணல் போன்ற இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், ஆட்டத்தைக் குறைக்க முடியாது.

ட்ரைபொட் வைத்தும் ஆடுகிறதா? மாரியில் நிலம்தான் குற்றவாளி. குளக்கட்டின் அடியிலும் தோணாக் கரையிலும் மண் களியாக இருக்கும். படம் எடுக்கும் இரண்டு மூன்று செக்கனுக்குள் ஒரு கால் ஒரு மில்லிமீற்றர் இறங்கினாலே போதும். மூன்று சிரட்டைகளைக் கொண்டுபோய், குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி மண்ணில் அழுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காலை ஊன்றுங்கள். பாரம் பரவிக் கால் புதையாது. கடையில் விற்கும் அகலப் பாதங்களும் இதைத்தான் செய்கின்றன, விலைதான் வேறு. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையை நடுக்கொக்கியில் தொங்கவிடுவதானால் பையின் அடி நிலத்தைத் தொடட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி முழு ட்ரைபொட்டையும் அசைக்கும். 2 செக்கன் டைமர் போடுங்கள். லென்ஸில் ஆட்டம் தணிக்கும் வசதி இருந்தால், அது பழைய மாதிரி என்றால், ட்ரைபொட்டில் அதை நிறுத்திவிடுங்கள்.

காற்று என்றால் வழி இரண்டுதான். ஒன்று, ஷட்டரை 1/250க்கு மேலே கொண்டுபோவது. மற்றது, காத்திருப்பது. வாடை ஓயாமல் அடிப்பது போலத் தோன்றினாலும் அது வீச்சு வீச்சாகத்தான் வரும். இரண்டு வீச்சுக்கு நடுவே சில செக்கன் இலை அசையாமல் நிற்கும். உச்சிக்கொப்பைப் பார்த்தால் அடுத்த வீச்சு எப்போது வருகிறது என்று தெரியும், அது அடிக்கொப்புக்கு வர ஓரிரு செக்கன் எடுக்கும். விடிந்து முதல் ஒரு மணித்தியாலம் காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும்.

குவியம் தவறினால், முழுச் சட்டகத்திலும் தானாகத் தேடும் முறையை நிறுத்தி ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். புள்ளியை இலையில் வைக்காமல் பட்டையில் வையுங்கள். பாலை மரத்தின் பட்டை ஆழமாக வெடித்திருக்கும்; நனைந்தால் வெடிப்பு கறுத்து விளிம்பு வெளிறும். ஆட்டோ குவியத்துக்கு அதைவிட நல்ல பிடி காட்டில் கிடையாது. அகலக் கோணத்தில் முன்னிருக்கும் காளானும் பின்னிருக்கும் மரமும் சேர்ந்து கூர்மையாக வேண்டுமென்றால்: முழுச்சட்டகக் கமராவில் 24 மி.மீ, எஃப்/8, குவியத்தை 2.4 மீற்றரில் வைத்தால் 1.2 மீற்றரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும்.

கண்ணுக்கு அழகாக இருந்தது, படத்தில் ஒரே பற்றையாக இருக்கிறது

ஆகக் கூடுதலான முறைப்பாடு இதுதான். இதற்குக் கமராவில் திருகுவதற்கு எதுவும் இல்லை.

நமது காடு உயர்ந்த மரம், வெறுமையான தரை என்று இருக்காது. உலர்வலயக் காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் மேலே நிற்க, அதன் கீழே சிறுமரம், அதன் கீழே முட்பற்றை, அதையெல்லாம் சுற்றிக் கொடி. குளிர்நாட்டுக்காரர் மாரியில் இலை உதிர்ந்து கோடு கோடாக நிற்கும் மரங்களை எடுக்கிறார்கள். இங்கே அதே மாதத்தில் இலை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மேலும் நேரில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து எது முன், எது பின் என்று பிரித்துக் காட்டும். ஒற்றைக் கண்ணுள்ள கமரா அத்தனையையும் ஒரே சுவரில் ஒட்டிவிடும். படமெடுக்குமுன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள். அப்போதும் மரம் தனியே தெரிந்தால் எடுக்கலாம். தெரியாவிட்டால் எதை எடுத்தும் பயனில்லை.

பிரித்துக் காட்ட நான்கு வழி உண்டு.

முதலாவது இடம் மாறுவது. முன்மரமும் பின்மரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓர் அடி நகருங்கள். நடுவே ஒரு கீற்று வெளி தெரியும். அந்தக் கீற்றுத்தான் படம். ட்ரைபொட்டை விரிக்குமுன் இதைக் கையில் கமராவோடு செய்து முடிக்க வேண்டும். விரித்த பிறகு யாருக்கும் நகர மனம் வராது.

இரண்டாவது லென்ஸ். காடு என்றதும் அகலக் கோணத்தை மாட்டுவது வழக்கம். அது காலடியில் உள்ள பற்றையையும் மேலே உள்ள வெள்ளை வானத்தையும் சேர்த்து அள்ளும். 70 முதல் 135 மி.மீ வரை வைத்து, வீதியிலோ குளக்கட்டிலோ நின்று காட்டின் விளிம்பை எடுத்துப் பாருங்கள். உள்ளே போகாமல் வெளியே நின்று எடுத்த காட்டுப் படம்தான் பல நேரம் காடு போல இருக்கும்.

மூன்றாவது நனைந்த பட்டை. வீரையின் அடிமரம் நேர் உருளையாக இருக்காது. முறுக்கிப் பிழிந்த துணி போல உள்வாங்கியும் வெளித்தள்ளியும் இருக்கும். மழை நின்று அரைமணித்தியாலத்துக்குள் பார்த்தால் தண்ணீர் இறங்கிய பள்ளம் கரியாகவும், நனையாத மேடு சாம்பலாகவும், இரண்டுக்கும் நடுவே பாசி பச்சைக் கோடாகவும் தெரியும். காய்ந்தால் மூன்றும் ஒரே நிறம். குளக்கரை மருதமரத்தின் பட்டையோ வழுவழுப்பாக, வெளிறி இருக்கும்; இருண்ட பின்னணியில் அதுவே வெளிச்சமாக நின்று மற்றதைப் பின்னுக்குத் தள்ளும். அதை எடுக்கும்போது மீற்றர் இருட்டான பின்னணியைப் பார்த்து மரத்தை வெளுக்கவிடும், வெளிச்சத் திருத்தத்தை -0.7 வையுங்கள்.

நான்காவது பனிமூட்டம். பற்றையைப் பிரித்தெடுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. பின்னால் உள்ள ஒவ்வொரு வரிசை மரத்தையும் ஒரு படி வெளிறச் செய்துவிடும். மழை நாளில் தேடாதீர்கள். தையில் மழை விட்டு, இரவு வானம் தெளிந்து, காற்று ஓய்ந்திருந்தால் மறுநாள் விடியலில் தண்ணீரும் வயலும் சேரும் பள்ளங்களில் தேடுங்கள். கந்தளாய்க் குளத்தின் கீழ்ப்புறம், தம்பலகாம வயல்வெளியின் காட்டோரம் இரண்டும் அப்படியானவை. தை நடுவில் சூரியன் 6.25 மணியளவில் எழும். 6 மணிக்கே நின்றுகொள்ளுங்கள், 7.30க்குப் பிறகு பெரும்பாலும் கரைந்துவிடும். உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் திரியாய் மலைப்படி ஏறலாம்.

பனிமூட்டம் சாம்பல் போல, அழுக்காக விழுகிறது

குளிர்நாட்டு வழிகாட்டிகளில் நமக்கு உதவும் ஒரே பக்கம் இது. கமராவின் மீற்றர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அங்கே பனிப்படிவு சாம்பலாகிறது, இங்கே மூட்டம். மருந்தும் ஒன்றே: வெளிச்சத் திருத்தத்தை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராமின் (இருட்டு முதல் வெளிச்சம் வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தின்) மலை வலப்பக்கம் சாயட்டும், ஆனால் வலச்சுவரில் முட்டக்கூடாது. படத்தில் கறுப்பே இல்லாவிட்டால் மூட்டம் வெறும் மங்கலாகத் தெரியும். ஓர் அடிமரத்தையோ தோணியின் விளிம்பையோ முன்னால் வையுங்கள். பிறகு திருத்தும்போது ‘மூட்டம் நீக்கி’ வசதியைத் தொட வேண்டாம். அது செய்வது, விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பிப் போனதை ரத்துச் செய்வது.

இலையெல்லாம் வெள்ளையாக மினுங்குகிறது, பச்சை இல்லை

நனைந்த இலை கண்ணாடி போல. மேகத்தின் வெண்மையைத் திருப்பி அடிக்கிறது. திருத்தும்போது பச்சையை எவ்வளவு ஏற்றினாலும் இது போகாது, ஏனென்றால் அந்த இடத்தில் பச்சை பதியவே இல்லை. வட்டப் போலரைசர் வடி (ஃபில்டர்) ஒன்றுதான் மருந்து. வெயில் இருந்தால்தான் போலரைசர் வேலை செய்யும் என்ற எண்ணம் தவறு. மூட்டமான நாளில்தான் காட்டில் அதற்கு ஆகக் கூடுதலான வேலை.

லென்ஸில் மாட்டி, திரையைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். அரைச் சுற்றுக்குள் மினுக்கம் முற்றாக மறைந்து மறுபடி வரும். முழுதாக மறையும் இடத்தில் நிறுத்தாமல் சற்று முன்னால் நிறுத்துங்கள். மினுக்கம் அடியோடு போனால் நனைந்த காடு காய்ந்த காடாகிவிடும். நிலைக்குத்தாகத் திருப்பிப் படமெடுத்தால் வடியையும் மறுபடி திருப்ப வேண்டும், பலர் மறக்கும் இடம் இது. போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி). 1/60 இருந்த இடம் 1/15 ஆகும். ஆகவே ட்ரைபொட் இல்லாமல் மாட்டினால் ஒரு கோளாறைத் தீர்த்து இன்னொன்றை வாங்குவீர்கள்.

கிண்ணியா, உப்பாறு, கட்டைபறிச்சான் பக்கத்துக் கண்டல் காடுகளில் இதை மாற்றி யோசியுங்கள். தண்ணீரின் பிரதிபலிப்புத்தான் அங்கே படத்தின் பாதி. மாரியில் ஆற்றுத்தண்ணீர் இறங்கிக் களப்பு மண்ணிறமாக இருக்கும்போது போலரைசரால் பிரதிபலிப்பை நீக்கினால் மிஞ்சுவது சேற்று நிறம். வடியை இலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் திருப்புங்கள், இல்லையேல் கழற்றிவிடுங்கள்.

வானம் வெள்ளைக் கடதாசி

மழை மேகத்தில் வானத்துக்கும் காட்டு நிழலுக்கும் உள்ள வித்தியாசம் கமராவுக்கு அடங்காது. பெரும்பாலும் சரியான விடை வானத்தைச் சட்டகத்திலிருந்து வெட்டிவிடுவதுதான். இலையிடுக்கில் தெரியும் சிறு வெள்ளைத் திட்டு கூடக் கண்ணை இழுக்கும். வானம் வேண்டியே தீரும் என்றால் -1ல் எடுத்து ரோ கோப்பில் (கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பில்) நிழலை ஏற்றுங்கள். இரண்டு ஸ்டொப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து ஒட்டும் வித்தை, காற்றில்லாத நிமிடத்தில் மட்டும் பலிக்கும். காற்றில் ஒவ்வோர் இலைக்கும் மூன்று பேய் வரும்.

மழை விட்டு வெயில் எறித்தால் தரையில் விழும் பளீர்த் திட்டுக்கும் இதே கதை. அப்போது தரையை விட்டு, வெயிலுக்கு எதிரே நின்று, பின்னாலிருந்து ஒளி ஊடுருவும் தளிர்களை எடுங்கள். டிசம்பரில் 8 மணிக்கே சூரியன் 20 பாகைக்கு மேலே ஏறிவிடும், நடுப்பகலில் 58 பாகை. குளிர்நாடுகளைப் போல நாள் முழுதும் சாய்ந்த வெயில் இங்கே கிடைக்காது.

நிறம் பிசகு: எல்லாம் பச்சை, ஆட்களின் முகமும் பச்சை

இலைக்கூரை வழியாக வரும் ஒளியே பச்சை. தானியங்கி வெண்சமநிலை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடிவெடுக்கும்; பத்துப் படம் பத்து நிறம். 5600 கெல்வினில் நிலையாக வையுங்கள், மூட்டம் கூடினால் 6500. மிச்சமிருக்கும் பச்சைச் சாயலைப் பின்னர் மெஜென்டா பக்கம் கொஞ்சம் தள்ளினால் போதும். முகம் உள்ள படம் என்றால் ஆளைக் காட்டு விளிம்புக்கு, திறந்த வானத்தின் கீழே கொண்டுவந்து நிறுத்துவது எல்லாத் திருத்தத்தையும்விட விரைவானது.

மழை தெரியவில்லை, அல்லது வெள்ளை உருண்டைகள் மிதக்கின்றன

உருண்டைகள் என்றால் ஃபிளாஷ் எரிந்திருக்கிறது. அருகில் விழும் துளிகள் அதில் பளிச்சிட்டுக் குவியம் இல்லாமல் பதிகின்றன. நிறுத்துங்கள். ஃபிளாஷ் இல்லாமலும் ஒரே இடத்தில் படத்துக்குப் படம் உருண்டை வந்தால் அது முன்கண்ணாடியில் உள்ள துளி.

மழை தெரிய வேண்டுமென்றால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், ஒளி பக்கவாட்டில் அல்லது பின்னால் இருந்து வர வேண்டும். மற்றது ஷட்டர். 2 மி.மீ அளவுள்ள துளி செக்கனுக்கு ஏறக்குறைய 6.5 மீற்றர் வேகத்தில் விழும். 1/60ல் அது 11 செ.மீ நீளக் கோடு, 1/500ல் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடிய கீற்று. காட்டுக்கு 1/60 முதல் 1/125 வரை நன்றாக இருக்கும். அதற்கு மேலே போனால் மழை தூசி போலத் தெரியும்.

கமராவுக்கு மழைச்சட்டை வாங்க வேண்டியதில்லை. சோறு கட்டும் லஞ்ச் சீற் இரண்டை எடுத்து, ஒன்றில் லென்ஸ் மூடுவளையத்தின் அளவுக்கு ஓட்டை போட்டு, வளையத்தின் மேல் ரப்பர் பாண்டால் இறுக்குங்கள். மற்றதைக் கமராவின் முதுகில் தொங்கவிடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் பொலித்தீன் வரக்கூடாது. கழுத்தில் ஒரு பழைய பருத்தித் துவாய். லென்ஸ் துணி நான்கு வேண்டும். ஒன்று நனைந்தால் அதை மறுபடி பைக்குள் போடாமல் வேறு பொக்கற்றில் போடுங்கள். ஒரு நனைந்த துணி மற்ற மூன்றையும் கெடுக்கும்.

போனில் எடுத்தால் இலைகள் சாயம் கரைந்தது போல

போன் இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. இலை ஆடினால் அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. மென்பொருள் அதைத் தேய்த்து மறைக்கிறது. இரவு முறையை நிறுத்துங்கள். ப்ரோ முறை இருந்தால் ஐ.எஸ்.ஓ 400க்கு மேல் போகாமல், 1/60 வைத்து, போனை மரத்தோடு அழுத்திப் பிடித்து எடுங்கள். இரண்டு விரலால் பெருப்பிக்காமல் கிட்டப் போங்கள். முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாதி முறைப்பாடு விரல் எண்ணெயோடு போய்விடும். திரை தன்பாட்டில் தட்டுப்படுகிறதென்றால் அது மழைத்துளி; ஒலிப் பட்டனையே ஷட்டராகப் பாவியுங்கள்.

எடுக்கப் போகுமுன் தடை வந்தால்

கமராவின் கோளாறு அல்ல, ஆனால் படம் வராமல் போவதற்கு இதுவும் காரணம். ஒதுக்கக்காடு, சரணாலயம் எதுவானாலும் உள்ளே போக உரிய திணைக்களத்தின் அனுமதி எடுங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் ஆலமரங்களும் புள்ளிமான்களும் பழகுவதற்கு நல்ல இடம், மான் அசைவதால் 1/250 வேண்டும். ஆனால் அது இராணுவ முகாமும்கூட, முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோனுக்குத் தனி அனுமதி. கந்தளாயிலிருந்து ஹபரணை வரையான ஏ6 வீதியோரம் விடியலிலும் பொழுதுபடும்போதும் யானை நிற்கும். அங்கே வாகனத்தை விட்டு இறங்கி ட்ரைபொட் விரிக்கும் வேலை வேண்டாம். வங்கக்கடலில் தாழமுக்கம் என்று அறிவித்தால் காட்டுப்பக்கமே போகாதீர்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியது திரியாய், குச்சவெளிப் பக்கத்தால்தான்.

வீட்டில் வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை

பூஞ்சணம். ஈரப்பதன் 60, 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் வளரும். மாரியில் அலுமாரிக்குள் அது எந்நாளும் அப்படித்தான். தோல் உறைக்குள் வைப்பது இன்னும் மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பார்க்க வேண்டுமென்றால் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து போன் வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சுங்கள். வெள்ளை நூல் கிளைவிட்டிருந்தால் அதுதான். ஓரத்தில் சிறிதாக இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் பரவும். திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை மற்ற லென்ஸுகளிலிருந்து தனியே வையுங்கள்.

வராமல் தடுக்கக் காற்றுப் புகாத மூடியுள்ள 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரமானி போதும். 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்கட்டும். 30க்குக் கீழே இறக்கத் தேவையில்லை. நீலப் பரல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிரம்பிவிட்டது. பழைய தாச்சியில் பரப்பி, சிறுநெருப்பில் கிளறிக் கிளறி மறுபடி நீலமாகும்வரை சூடாக்குங்கள். நீலப் பரலில் கோபால்ற்று உப்பு இருக்கிறது. அந்தத் தாச்சியில் பிறகு சமைக்கக்கூடாது, யன்னலைத் திறந்து வைத்துச் சூடாக்க வேண்டும். பரல் முழுதாக ஆறிய பிறகே பெட்டிக்குள் போடுங்கள்.

காட்டிலிருந்து வந்த கமராவை நேரே அந்தப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம். பற்றறியையும் மெமரி கார்ட்டையும் கழற்றி, மூடிகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணித்தியாலம் வைத்த பிறகு உள்ளே வையுங்கள். பையைத் தனியே கொடியில் போடுங்கள். அதன் பஞ்சு உறைகள் காய மாரியில் இரண்டு நாள் எடுக்கும்.